வாசலிலா, கூரைக்கடியிலா? ஒரு மீட்டர்கேஜ் டீசல் என்ஜினை எங்கே வைப்பது

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மதுரைக்குத் தெற்கே உள்ள ஒரு பொறியியல் கல்லூரியின் விரிவுரையாளர் என் வீட்டுக்கு வந்தார். இளைஞர். அவருடைய தாய்மாமா, ரயில்வேயின் டீசல் என்ஜின்களைப் பராமரிக்கும் டீசல் ஷெட்டில் என்னோடு வேலை பார்த்தவர். அந்த வழியில் வந்த அறிமுகம். காபியை ஆற்றிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். "சார், எங்கள் வளாகத்தில் ஒரு பழைய மீட்டர்கேஜ் டீசல் என்ஜினைக் கொண்டுவந்து வைக்கலாம் என்று நிர்வாகத்தில் பேச்சு இருக்கிறது. வாசலில் மேடை கட்டி, பெயின்ட் அடித்து நிறுத்திவிடலாம் என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

"மேடையில் நிறுத்த ஒரு சிலை போதுமே தம்பி, என்ஜின் எதற்கு?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. நல்ல எண்ணத்தோடு வந்த பிள்ளையை வாசலிலேயே வெட்டிப் பேசியது தப்பு. நிதானமாக எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அப்படி எழுதியதுதான் இது. கல்லூரி என்றில்லை, நகராட்சியோ, ரயில் ஆர்வலர்களோ, பழைய டீசல் என்ஜின் ஒன்றை எடுத்து வைக்க நினைக்கிற எவருக்கும் இதே யோசனைகள்தான் வரும், இதே இடத்தில்தான் இடறும்.

முதலில், என்ன பொருளைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக இருக்கட்டும். ஒய்டிஎம்-4. ஒய் என்றால் மீட்டர்கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் இடைவெளி உள்ள பாதை. டி என்றால் டீசல். எம் என்றால் பயணிகள் வண்டி, சரக்கு வண்டி இரண்டுக்கும் பொது. 4 என்பது வகை. அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்தின் வடிவமைப்பு. 1960-களின் தொடக்கத்தில் முதல் என்ஜின்கள் கப்பலில் வந்தன. கனடாவின் மாண்ட்ரியலிலிருந்தும் ஒரு தொகுதி வந்தது. 1968 முதல் வாரணாசி ஆலை இங்கேயே கட்டியது. மூன்று ஊர்ப் பிறப்பையும் சேர்த்தால் 500-க்கும் மேல் வரும். ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில், நான்கு ஸ்ட்ரோக், டர்போ, சுமார் 1,350 குதிரைத் திறன். எடை ஏறத்தாழ 72 டன், ஆறு அச்சுகள், ஆக ஒரு அச்சுக்கு 12 டன். டீசல் என்ஜின் நேரே சக்கரத்தைச் சுற்றுவதில்லை. அது ஜெனரேட்டரைச் சுற்றும், ஜெனரேட்டர் தரும் மின்சாரம் அச்சுக்கு ஒன்றாக உள்ள ஆறு டிராக்‌ஷன் மோட்டார்களுக்குப் போகும், மோட்டார்கள் சக்கரத்தைச் சுற்றும். பெட்டிக்குள் ஒரு சிறிய மின்நிலையமே ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அதன் உழைப்பைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் நிற்காது. 1977 ஆகஸ்ட் 15 அன்று வைகை எக்ஸ்பிரஸ் விடப்பட்டபோது மதுரைக்காரர்களுக்கு வந்த பெருமிதம் இந்த என்ஜின் கொடுத்தது. மீட்டர்கேஜ் தண்டவாளத்தில், பகலிலேயே சென்னை போய்ச் சேரலாம் என்பது அப்போது நம்ப முடியாத செய்தி. செங்கோட்டைக்கு அப்பால் புனலூர் மலைப்பாதையில் வண்டியின் முன்னால் ஒன்று இழுக்க, பின்னால் ஒன்று தள்ள, குகைகளுக்குள் புகையைக் குடித்துக்கொண்டே ஏறின. பாம்பன் பாலத்தில் உப்புக் காற்றை வாங்கிக்கொண்டு ஊர்ந்தன. போடி வண்டியைச் சொல்லாமல் விட முடியாது. உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய் வரும்போது டிரைவர் நாட்ச்சை ஒவ்வொன்றாக ஏற்றுவார். நாட்ச் என்பது என்ஜினின் வேகத்தைக் கூட்டும் கைப்பிடியின் படி, எட்டு உண்டு. ஒவ்வொரு ஏற்றத்திலும் டீசல் முதலில் போய்விடும், டர்போ சுழன்று காற்றைக் கொண்டுவருவதற்குள் ஒரு நொடி தாமதமாகும். அந்த ஒரு நொடிக்குத்தான் அந்தக் கரும்புகை. பிறகு புகை தெளிந்து, சத்தம் மட்டும் பாறைகளில் மோதித் திரும்பும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எத்தனையாவது நாட்ச் என்று ஷெட்டில் பலர் சொல்லிவிடுவார்கள்.

அகலப்பாதை வந்தது. வர வேண்டியதுதான், அதில் எனக்குக் குறை இல்லை. ராமேஸ்வரம் பாதை 2007-இல் அகலமானது. புனலூர் மலைப்பாதையில் 2010 செப்டம்பரில் மீட்டர்கேஜ் வண்டி நின்றது. அதே ஆண்டு முடிவோடு போடி வண்டியும் நின்றது. தேனிக்கு மறுபடி ரயில் வர 2022 மே ஆயிற்று, போடிக்கு 2023 ஜூன். அதற்குள் பள்ளிக்கூடம் சேர்ந்த பிள்ளை பள்ளிப் படிப்பையே முடித்துவிட்டது. தமிழ்நாட்டில் இந்த வகை என்ஜின் இன்றும் பயணிகளை இழுப்பதைப் பார்க்க வேண்டுமானால் குன்னூருக்கும் உதகைக்கும் இடையில்தான் பார்க்க வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதையில் நீராவி என்ஜின் தள்ளிக்கொண்டு வரும். குன்னூருக்கு மேல் டீசல்.

வாசல் மேடை

இப்போது வாசல் மேடைக்கு வருகிறேன். இது மிகவும் எளிது, மிகவும் மலிவு, எல்லோர் கண்ணிலும் படும். நிர்வாகத்துக்கும் பிடிக்கும், ஏனென்றால் திறப்பு விழா நடத்தலாம். நான் எதிர்ப்பது இந்த மூன்றுக்காகவும் அல்ல.

நீராவி என்ஜினை மேடையில் ஏற்றி வைத்தால் அர்த்தம் இருக்கிறது. அது தன் குடலையும் எலும்பையும் வெளியே வைத்திருக்கும் பிராணி. சிலிண்டர், பிஸ்டன் தண்டு, சக்கரங்களை இணைக்கும் இரும்புக் கை, கரியள்ளிப் போடும் வாய், எல்லாம் ரோட்டில் நின்றே தெரியும். எட்டு வயதுப் பிள்ளைகூட விரலை நீட்டி, இது அதைத் தள்ளும், அது இதைச் சுற்றும் என்று கண்டுபிடித்துவிடும். டீசல் அப்படியல்ல. அதன் சங்கதி அத்தனையும் ஹூட் என்கிற இரும்புத் தகட்டு உறைக்குள் இருக்கிறது. கதவைச் சாத்தி மேடையில் வைத்தால், பார்ப்பவனுக்குக் கிடைப்பது பெயின்ட் அடித்த ஒரு நீளப் பெட்டி. அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுப்பான். அதற்கு மேல் அதில் அவனுக்கு ஒன்றும் இல்லை.

பெட்டியாகவாவது நிலைக்குமா என்றால் அதுவும் சந்தேகம். சில வருடங்களுக்கு முன் ஓர் ஊரில் இப்படி வெளியில் நிறுத்தப்பட்டிருந்த என்ஜினைப் பார்த்தேன். எந்த ஊர் என்பது வேண்டாம். தூரத்திலிருந்து பளபளவென்று இருந்தது. கிட்டப் போனால், எண் பொறித்த தகட்டின் மேலேயே பெயின்ட், அதன் மேல் இன்னொரு பெயின்ட். எழுத்து மேடுகள் மாவில் அமுங்கிய விரல் தடம் போலத்தான் தெரிந்தன. காவலாளியிடம் கேட்டுக்கொண்டு ஹூட்டின் பக்கக் கதவு ஒன்றைத் திறந்தேன். கீல் உடைந்து கதவு கையோடு வந்தது. உள்ளே முதலில் மூக்கில் அடித்தது புறா எச்சம். சிலிண்டர் ஹெட்டுகளுக்கு மேலே சுள்ளிகளை அடுக்கிக் கூடு. கீழே ஜெனரேட்டருக்குப் போக வேண்டிய தடித்த செம்புக் கேபிள்கள் ஒன்றுகூட இல்லை; ரம்பத்தால் அறுத்த முனைகள் பச்சை பூத்துக் கிடந்தன. என்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் கழற்றப்பட்டிருந்தது, அதன் இடத்தில் ஓட்டை. அந்த ஓட்டை வழியே பல ஐப்பசி கார்த்திகை மழை உள்ளே இறங்கியிருக்கிறது. நான் கதவைத் திரும்பச் சாத்தி வைத்தேன். அது நிற்கவில்லை. கம்பியால் கட்டிவிட்டு வந்தேன்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும்: மதுரை, ராமேஸ்வரம் அல்ல. கடல் காற்றில் இரும்பு உருகிப் போவது போலப் போகும். இங்கே உலர்ந்த வெயில், மழை என்பது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வந்து போவது. துரு மெதுவாகத்தான் பிடிக்கும். ஆனால் அந்த வெயில்தான் ரப்பர் குழாய்களையும் கேபிள் உறைகளையும் நொறுங்கும் அப்பளமாக்குகிறது. மேலும் மேடை என்ஜினுக்கு ஒரு சாபம் உண்டு. திறப்பு விழாவுக்கு அடுத்த நாள் அது யாருடைய பொறுப்பும் அல்ல. பெயின்ட் மட்டும் வருடா வருடம் வரும். பெயின்ட் அடிப்பதைப் பராமரிப்பு என்று நம்பிவிடுகிறார்கள்.

அப்படியும் வாசலில்தான் வைப்பேன் என்றால், குறைந்தபட்சம் மேடைக்கு மேல் ஒரு கூரை போடுங்கள், ஹூட் கதவுகளுக்குப் பூட்டுப் போடுங்கள், பழைய பெயின்ட்டைச் சுரண்டும் முன் அதில் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டு முகமூடியோடு, ஈரம் வைத்துச் சுரண்டுங்கள். புகைக்குழாயைச் சுற்றியுள்ள பழைய உறையில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். பரிசோதிக்காமல் மாணவர்கள் கை வைக்க விடாதீர்கள்.

ஓட வைப்பது

இதற்கு நேர் எதிர்க்கோடியில் நிற்பவர்கள் ரயில் பைத்தியங்கள். என்னையும் சேர்த்தே சொல்கிறேன். அவர்களுக்கு என்ஜின் என்றால் ஓட வேண்டும். ஓடாத என்ஜின் பிணம்.

ஆசை நியாயமானது, ஆனால் எங்கே ஓட்டுவது? மதுரைக் கோட்டத்தில் மீட்டர்கேஜ் தண்டவாளம் இல்லை. அப்படியானால் என்ஜினை அகலப்பாதைக்கு மாற்றலாமே என்று விரிவுரையாளரும் கேட்டார். 1,000 மில்லிமீட்டர் இடைவெளியை 1,676 ஆக்குவது சக்கரத்தை இழுத்து அகட்டும் வேலையல்ல. அச்சு புதிது, அச்சுகளைத் தாங்கும் போகிச் சட்டம் புதிது, அச்சில் தொங்கும் மோட்டார்களின் அமைப்பு புதிது. அவ்வளவும் செய்து முடித்தால் கையில் இருப்பது ஒய்டிஎம்-4 அல்ல. முதல் எழுத்தையே அழித்துவிட்டு வேறு எழுத்து எழுத வேண்டும். போற்றிக் காப்பாற்றப் போன பொருளை வேறொன்றாக மாற்றிவிட்டு அதையே காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

வளாகத்துக்குள்ளேயே இருநூறு மீட்டர் மீட்டர்கேஜ் பாதை போட்டு ஓட்டலாம். முடியாத காரியம் இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 12 டன் அச்சுச் சுமையைத் தாங்கும் மண்ணும் ஜல்லியும் கட்டையும் வேண்டும். இரு முனையிலும் 72 டன்னை நிறுத்தக்கூடிய முட்டுக்கட்டை வேண்டும். பிரேக் என்பது இன்னொரு புராணம். அந்தக் காலத்து மீட்டர்கேஜ் வண்டிகளுக்கு வெற்றிட பிரேக். என்ஜினிலுள்ள எக்ஸ்பிரஸர் என்ற இயந்திரம் ஒரு பக்கம் காற்றை அழுத்தும், மறுபக்கம் வண்டி நெடுகக் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி 53 சென்டிமீட்டர் வெற்றிடம் காட்டும். அதன் வால்வுகளும் சீல்களும் சரியாக இருக்கிறதென்று கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டும். ஓட்ட ஓர் ஆள் வேண்டும். ஒற்றைக் கேபின் என்ஜின் இது. நீள ஹூட் முன்னால் போகும்படி ஓட்டினால் டிரைவருக்கு முன்னே பாதி உலகம் தெரியாது, பக்கவாட்டில் தலையை நீட்டித்தான் பார்க்க வேண்டும். கல்லூரி விடும் நேரத்தில், காதில் பாட்டை மாட்டிக்கொண்டு நடக்கும் பிள்ளைகள் நடுவே இதை ஓட்ட நான் சம்மதிக்க மாட்டேன்.

ஐந்து வருடம் நன்றாகப் பராமரித்துக் காட்டிய பிறகு இந்தப் பேச்சை எடுக்கலாம். முதல் வருடத்தில் வேண்டாம்.

கூரைக்கடியில் நிறுத்துவது

அருங்காட்சியக வழி என்று இதைச் சொல்லலாம். திருச்சியில் 2014-இல் திறந்த ரயில் அருங்காட்சியகமும், பெரம்பூரில் 2002 முதல் இருக்கும் அருங்காட்சியகமும் நாம் போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. முடிவெடுக்கும் முன் நிர்வாகத்தார் ஒரு நாள் போய் வரட்டும். எது வெளியில் நிற்கிறது, எது கூரைக்கடியில் நிற்கிறது, இரண்டின் தோல் எப்படி இருக்கிறது என்று தொட்டுப் பார்க்கட்டும். நான் சொல்வதைவிட அது நன்றாகப் புரியும்.

நிறுத்துவதோடு திறந்தும் வைக்க வேண்டும். ஹூட் கதவுகளைத் திறந்து, ஒரு பக்கம் நடைமேடை போட்டால், மாணவன் என்ஜின், ஜெனரேட்டர், எக்ஸ்பிரஸர், ரேடியேட்டர் விசிறி என்று வரிசையாக நடந்தே பார்க்கலாம். இயந்திரவியல் மாணவனுக்கும் மின்னியல் மாணவனுக்கும் ஒரே பெட்டியில் பாடம் இருக்கிறது. உள்ளே தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு சிலிண்டரை அறுத்துக் காட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள். ஒரு தடவை அறுத்தால் அறுத்ததுதான். கழிக்கப்பட்ட உதிரிப் பொருட்களில் ஒரு பிஸ்டன், ஒரு சிலிண்டர் ஹெட், ஓர் இன்ஜெக்டர் தனியாகத் தேடி வாங்கிப் பலகை மேல் வைத்து அதை அறுங்கள். முழு என்ஜின் முழுதாகவே இருக்கட்டும்.

இந்த வழியில் குறை என்ன? ஒன்றே ஒன்றுதான். சத்தம் இல்லை. ஆண்டிபட்டிக் கணவாயைப் பற்றி மேலே ஒரு பத்தி எழுதினேனே, அதில் எதுவும் இந்தக் கூரைக்குள் இராது. இந்த என்ஜினை ஞாபகம் வைத்திருக்கும் மக்கள் அதன் உருவத்தை ஞாபகம் வைத்திருக்கவில்லை. யாரையாவது நிறுத்தி வரையச் சொல்லுங்கள், முடியாது. சத்தத்தை வாயாலேயே செய்து காட்டுவார்கள்.

நின்ற இடத்தில் உறுமுவது

அதனால்தான் இந்த நாலாவது வழி. என்ஜின் ஓரங்குலம்கூட நகராது. சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை, டிராக்‌ஷன் மோட்டார்களுக்குப் போகும் மின்சாரம் துண்டிக்கப்பட்டிருக்கும். ஆனால் டீசல் என்ஜின் மட்டும் கிளம்பும். தண்டவாளம் பத்து மீட்டர் கூடுதலாக இருந்தாலும் குறைவாக இருந்தாலும் கவலையில்லை. மீட்டர்கேஜ் ஒழிந்துபோனது இங்கே தடையே இல்லை. மேடை என்ஜினுக்கு இல்லாத ஒரு நன்மையும் இதில் உண்டு. மாதம் ஒரு தடவை கிளப்ப வேண்டும் என்றால், மாதம் ஒரு தடவை யாராவது ஒருவர் எண்ணெய் அளவைப் பார்ப்பார், பேட்டரியைப் பார்ப்பார், ஒழுகும் குழாயைப் பார்ப்பார். கிளப்புவதற்காகச் செய்கிற வேலைதான் என்ஜினைக் காப்பாற்றும்.

செய்யக்கூடியதா என்றால், கூடியதே. ஆனால் இதை மேலோட்டமாகச் செய்தால் மேடையை விட மோசம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பல வருடம் நின்ற என்ஜினைப் பேட்டரி மாட்டிப் பட்டனை அழுத்துபவன் கொலைகாரன். புகைபோக்கி வழியாக மழைத்தண்ணீர் இறங்கி, திறந்திருக்கும் வால்வு வழியே ஏதாவது ஒரு சிலிண்டரில் தேங்கியிருக்கும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் முட்டினால் கனெக்டிங் ராடு வளையும், அல்லது ஹெட் பிளக்கும். எனவே முதலில் ஆறு சிலிண்டரிலும் டிகம்ப்ரஷன் பிளக்கைக் கழற்ற வேண்டும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி ஊற விட வேண்டும். அவசரப்படக் கூடாது, நாட்கணக்கில் ஊறட்டும். பிறகு இரும்பு பார் போட்டுக் கையால் கிராங்கை, அதாவது பிஸ்டன்கள் சுற்றும் முதன்மைத் தண்டை, மெல்லச் சுற்ற வேண்டும். நாலு பேர் மூச்சுப் பிடித்துத் தள்ளினால், நல்ல நிலையில் உள்ள என்ஜின் முக்கிக்கொண்டு நகரும். முழுச் சுற்று இரண்டு. நான்கு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்குத்தான் எல்லா பிஸ்டனும் தன் வேலையை ஒரு தடவை செய்து முடிக்கும். சுற்றும்போது பிளக் ஓட்டைகளைப் பாருங்கள். செம்பழுப்பில் தண்ணீர் பீச்சினால் அங்கேயே நிறுத்துங்கள். வெறும் எண்ணெய்த் துளியும் காற்றும் வந்தால், உங்கள் கையில் உயிருள்ள என்ஜின் இருக்கிறது.

பேட்டரி பெரிய செலவு. ஜெனரேட்டரையே ஸ்டார்ட்டர் மோட்டாராக்கித்தான் இந்த என்ஜினைக் கிளப்புவது. 64 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரித் தொகுதி வேண்டும். சும்மா கிடந்தால் அவை செத்துவிடும், சார்ஜரில் போட்டு வைக்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் மதுரைக்கே உரிய எச்சரிக்கை ஒன்று. நம் ஊர் போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். வீட்டுக் குழாய் வாயில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவேதான் சிலிண்டர் லைனருக்கு வெளியேயும் பூக்கும். தாது நீக்கிய தண்ணீரும் துருத்தடுப்பு மருந்தும்தான் சேர வேண்டும். பனி உறையும் நாடுகளில் குளிர்காலத்தில் தண்ணீரை வடிக்காவிட்டால் பிளாக் வெடிக்கும் என்பார்கள். உதகையில் மார்கழி தையில் அந்தப் பயம் உண்டு. நமக்கு அது இல்லை. மதுரை வெயிலுக்கு நன்றி சொல்லக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம்.

இன்னொன்று, கிளப்பி ஐந்து நிமிடத்தில் அணைப்பது வேடிக்கைக்கு உதவும், என்ஜினுக்கு உதவாது. சூடேறாத என்ஜினுக்குள் ஈரம் தங்கும், எரியாத டீசலும் எண்ணெயும் புகைக்குழாயில் பிசினாகப் படியும். கிளப்பினால் தண்ணீர் நன்றாகச் சூடேறும்வரை ஓட வேண்டும், இடையில் நாட்ச்சைக் கொஞ்சம் ஏற்றி இறக்க வேண்டும். அதற்கு முன் லூப் ஆயிலை (மசகு எண்ணெயை) பேரிங்குகளுக்கு ஏற்றியிருக்க வேண்டும். கூரையில் புகைபோக்கிக்கு நேர் மேலே திறப்பு வேண்டும். இல்லாவிட்டால் முதல் நாளே கூரை கறுத்து, கல்லூரி முதல்வர் உங்களைக் கூப்பிட்டு விடுவார்.

இந்த வழியின் உண்மையான விலை பணம் இல்லை, ஆள். ஆல்கோ நிறுவனம் 1969-இலேயே மூடப்பட்டது. அதன் என்ஜினை இத்தனை காலம் காப்பாற்றியது நம் ஷெட்டுகளின் ஃபிட்டர்களும் கலாசிகளும். டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் இன்ஜெக்டர் பம்ப் ரேக்கை விரலால் தள்ளிப் பார்த்தே எது இறுகியிருக்கிறது என்று சொல்லக்கூடியவர்களில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். எனக்குத் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு முழங்கால் வலி, ஹூட் பக்கத்து நடைபாதையில் ஏற முடியாது. இவர்களில் இரண்டு பேர், கற்றுக்கொள்ள ஆறு மாணவர்கள், சாவியை வைத்திருக்க ஒரு பொறுப்பான விரிவுரையாளர். இந்த மூன்றும் கூடினால் நாலாவது வழிக்குப் போங்கள். ஒன்று குறைந்தாலும் மூன்றாவது வழியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கொடுத்துவிடுவது

யாரும் சொல்ல விரும்பாத வழி ஒன்று உண்டு. வாங்காமலே இருப்பது. இந்த வகை என்ஜின்கள் இந்தியாவோடு நிற்கவில்லை. மியான்மர், வியட்நாம், மலேசியா, தான்சானியா என்று போய் உழைத்திருக்கின்றன. நம் மாநிலத்திலேயே குன்னூருக்கு மேலே சில இன்னும் உழைக்கின்றன. உழைக்கிற என்ஜினுக்கு ஒரு நல்ல டர்போவோ, கவர்னரோ, சிலிண்டர் ஹெட்டோ தேவைப்படும்போது, அது ஒரு கல்லூரி வாசலில் பெயின்ட்டுக்கு அடியில் கெட்டுக் கிடப்பது எனக்குப் பொறுக்காது. இறந்தவரின் கண்ணைக் கொடுப்பது போலத்தான் இது. பராமரிக்க மனம் இல்லாதவர்கள் வெறும் கூட்டை மட்டும் வாங்கி வைக்கலாம்: உள்ளுறுப்புகள் உழைக்கிற இடத்துக்குப் போகட்டும், கேபினும் ஹூட்டும் உங்கள் வாசலில் நிற்கட்டும். ஆனால் அப்படி வைத்தால் பக்கத்தில் ஒரு பலகையில் நேர்மையாக எழுதிவிடுங்கள், உள்ளே ஒன்றும் இல்லை, இன்னின்ன உறுப்புகள் இன்ன இடத்துக்குப் போயின என்று.

500-க்கும் மேல் கட்டிய என்ஜினில் ஒன்றைக் காப்பாற்ற இவ்வளவு பாடா என்று என் மனைவி கேட்டாள். அபூர்வம் என்பதால் காப்பாற்றச் சொல்லவில்லை. எல்லோரும் ஏறிய வண்டியை இழுத்தது என்பதால் சொல்கிறேன். ஏலக்காய் மூட்டையும், கல்யாண வீட்டுப் பாத்திரமும், பரீட்சைக்குப் போகிற பிள்ளையும் அதற்குப் பின்னால்தான் வந்தார்கள்.

எழுதியதை விரிவுரையாளருக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் போன் செய்தார். நிர்வாகம் இன்னும் மேடையைத்தான் பேசுகிறதாம். ஆனால் கூரைக்கு எவ்வளவு ஆகும் என்று சிவில் துறையிடம் மதிப்பீடு கேட்டிருக்கிறார்களாம். கழித்து நிறுத்தியிருக்கும் என்ஜின் ஒன்றைப் பார்க்க அடுத்த வாரம் போகிறார்களாம். போய் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

"எதையும் பார்க்கும் முன் மேலே ஏறிப் புகைபோக்கியின் வாயை மூடுங்கள். தகரமோ, பழைய அண்டாவோ, கவிழ்த்து வைத்துக் கம்பியால் கட்டுங்கள். நீங்கள் வாங்காவிட்டாலும் பரவாயில்லை, மூடிவிட்டு வாருங்கள். மழை வரப் போகிறது."

"எந்த அளவில் மூடி வேண்டும், சார்?"

எனக்குத் தெரியும். முப்பது வருடம் பார்த்த வாய். "ஏறி அளந்து வாருங்கள் தம்பி" என்று சொல்லிவிட்டேன்.